உண்டதும் உடம்பில் ஒட்டியதும்

தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒண்டி நின்று வழிவிட வேண்டிய சந்துகளில் ஒன்றின் வழியே விடியற்காலை நான்கு மணிக்கு நடந்து போகிறவரை, நகரம் இன்னும் கண் விழிக்காத அந்த வேளையிலே, இட்லிக் கொப்பரைகளிலிருந்து எழும் ஆவியும், இரவெல்லாம் பொங்கிய மாவின் இளம் புளிப்பு வாசனையுமே முதலில் எதிர்கொண்டு அழைக்கும். ஆறு மணிக்கெல்லாம் அந்த இட்லிகள் அலுமினியப் பாத்திரங்களில் அடைபட்டு, தலையிலும் சைக்கிளிலும் ஏறிப் புறப்பட்டுவிடும். ஏழரை மணிக்குச் செம்பூரில் எங்கள் தெருமுனையில் ரப்பர் ஹாரனின் 'பாம் பாம்' ஓசை கேட்கும்போது, அவற்றில் நாலு என் தட்டுக்கு வந்து சேரும்.

இந்த இட்லி வேகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையால் ஒருநாள் அங்கே போயிருந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள், ஒரு கையால் ஈரத்துணியை இழுத்துக் குழியின் மேல் பரப்பி, மற்றொரு கையால் மாவை ஊற்றிக்கொண்டே என்னோடு பேசினாள். அவளுடைய மூன்று வயதுப் பேரன் வாசற்படியில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான். வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லாத, மெலிந்த பிள்ளை.

"என்னத்தச் சொல்ல அண்ணாச்சி, நாலு வச்சா நாலையும் திம்பான். ஆனா ஒண்ணும் உடம்புல ஒட்டமாட்டேங்கு. மாசத்துக்கு ரெண்டு தரம் வயித்தால போவுது. திங்கதெல்லாம் எங்கதான் போவுதோ?"

அந்தக் கேள்வி சாமானியமானதல்ல. ஜீரணம் என்ற பெயரால் நாம் பொதுப்படையாகக் குறிப்பிடும் காரியத்தில், உணவைச் சிதைப்பது ஒன்று, சிதைந்ததை உட்கவர்வது மற்றொன்று என்று உடலியலார் இரண்டாகப் பிரித்துச் சொல்வதை, 'திங்கது' என்றும் 'ஒட்டது' என்றும் அந்த அம்மாள் தன் வீட்டுப் பேச்சில் பிரித்துவிட்டாள். உள்ளபடி ஆராய்ந்தால், வயிற்றுக்குள் போன இட்லி உடம்புக்குள் போனதாகவே ஆகாது. பாசிமணியின் துளைக்குள் கோத்த நூல் மணியின் உள்ளே இருப்பதுபோல் தோன்றினாலும் மணியின் சரீரத்தோடு எவ்விதச் சம்பந்தமும் அற்றது. அதுபோல வாய் முதல் ஆசனவாய் வரை நீளும் குழலுக்குள் கிடக்கும் ஆகாரம், அந்தக் குழலின் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கும் வரையில், நமக்கு வெளியிலேயே கிடக்கிறது.

ஜீரணம் வாயில் ஆரம்பமாகிறது என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். கொப்பரையின் அருகே நின்று பார்த்தவனுக்கு, அது அடுப்பங்கரையிலேயே ஆரம்பமாகிவிடுவதாகத்தான் தோன்றும். பச்சை அரிசி மணிக்குள் மாவுச்சத்து இறுகக் கட்டிய மூட்டைபோல் இருக்கிறது. நம் குடலின் நொதிகள் அதை எளிதில் அவிழ்க்க முடியாது. நீரும் வெப்பமும் சேர்ந்து அந்த மூட்டையை உப்பவைத்துப் பிளந்தால்தான் நொதிகளுக்கு உள்ளே நுழைய வழி கிடைக்கும். அதற்கு முந்தின இரவில், லூக்கோனாஸ்டாக் முதலான கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் மாவில் பெருகிக் காற்றையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. அரிசியிலும் உளுந்திலும் உள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருளும் அந்தப் புளிப்பில் ஓரளவு சிதைந்து, அந்தத் தாதுக்கள் விடுபடுகின்றன. நோயாளிக்கும் குழந்தைக்கும் இட்லி கொடு என்று நம்மவர் சொல்லிவந்ததற்கு இதுவே நியாயம்: பாதி வேலை முடிந்த உணவு அது.

மாதுங்கா ரயில் நிலையத்தருகே 1942-ஆம் ஆண்டில் ஏ. ராம நாயக் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் காத்து நின்றவர்கள், இலை விழுவதற்கு முன்பே சாம்பாரின் மணத்தில் வாய் ஊறுவதை அனுபவித்திருப்பார்கள். அப்போது வாய் மாத்திரம் ஊறுவதில்லை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பின் வழியே கட்டளை போய், இரைப்பையும் தன் அமிலத்தைச் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. நாய்களை வைத்து இதை நிரூபித்த ருஷ்ய அறிஞர் பாவ்லவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது, பலரும் எண்ணுவதுபோல மனோதத்துவத்துக்காக அல்ல, ஜீரண ஆராய்ச்சிக்காகவே. வெறும் சோற்றைக் கறி சேர்க்காமல் நெடுநேரம் மென்றுகொண்டிருந்தால் அது இனிக்கத் தொடங்குவதை யாரும் பரீட்சித்துப் பார்க்கலாம். உமிழ்நீரின் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதை நாக்கே பிரத்தியட்சமாக அறிகிற இடம் அது.

இரைப்பையைப் பற்றி நமக்கு உள்ள மதிப்பு அதன் தகுதிக்குச் சற்று அதிகமானது என்பது என் அபிப்பிராயம். ஜாடராக்கினி என்று நம் முன்னோர் பெயரிட்ட அந்த நெருப்பு அங்கேதான் எரிகிறது என்று நினைத்து, எது நேர்ந்தாலும் வயிற்றின் மேல் பழி போடுகிறோம். அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உக்கிரமானது, உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது, புரதத்தை முதலில் தகர்ப்பது என்பதெல்லாம் மெய்தான். ஆனாலும் இரைப்பையின் முக்கியமான உத்தியோகம், உண்டதைக் கடைந்து கஞ்சியாக்கி, இரண்டு மூன்று மணி நேரம் தன்னிடம் நிறுத்திவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புவதுதான். நெய்யும் எண்ணெயும் அதிகமானால் அந்த வாயில் இன்னும் தாமதமாகத் திறக்கும். விருந்துண்டவன் மாலை வரை பசிக்கவில்லை என்று சொல்வது அதனால்தான். நோயின் காரணமாக இரைப்பையை முழுவதும் அகற்றிவிட்டவர்கள்கூட, அடிக்கடி கொஞ்சமாக உண்டும் பி12 வைட்டமினை ஊசியாகப் போட்டுக்கொண்டும் பல்லாண்டு வாழ்கிறார்கள். சிறுகுடலை முழுவதும் இழந்தவன் எவ்வளவு உண்டும் பயனில்லை. சத்தைச் சிரை வழியே நேராக இரத்தத்தில் செலுத்தித்தான் அவனைக் காக்க வேண்டும்.

அந்தச் சிறுகுடலின் வாயிலிலேயே கல்லீரலிலிருந்து பித்தநீரும், கணையத்திலிருந்து கணையநீரும் வந்து கலக்கின்றன. பித்தநீர், எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் பிரிப்பதுபோல் கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கிறது. கணையநீரோ அமிலத்தைத் தணித்து, மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிற நொதிகளை ஒருங்கே கொண்டுவருகிறது. அமிலக்கஞ்சி வந்துவிட்டது என்ற செய்தி கணையத்துக்கு நரம்பின்றி, இரத்தத்தின் வழியாகவே போகிறது என்பதை லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் 1902-இல் கண்டார்கள். ஹார்மோன் என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் சொல் இந்தக் குடல் விவகாரத்திலிருந்துதான் பிறந்தது.

இனி ஒட்டுகிற இடத்துக்கு வருவோம். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், இரண்டு விரல் அகலம். அது வெறும் வழவழப்பான குழாயாக இருந்திருந்தால் அதன் உட்பரப்பு ஒரு கோரைப்பாயின் அளவைத் தாண்டாது. ஆனால் அதன் சுவர் மடிப்பு மடிப்பாக அமைந்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கும் குறைவான குடலுறிஞ்சிகள் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் நெருங்கி நின்று, ஒவ்வோர் உறிஞ்சியின் மேலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் தன் முகத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளைத் தாங்கி நிற்பதனால், பரப்பு பன்மடங்கு பெருகிவிடுகிறது. ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு என்று நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 2014-இல் மறுபடியும் கவனமாக அளந்து, அது மிகை, சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று திருத்தினார்கள். மும்பைவாசிக்குச் சதுர அடியில் சொன்னால்தான் மனத்தில் பதியும்: 320 சதுர அடிக்குச் சற்று மேல். தாராவியைப் புதுப்பிக்கும் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு வாக்களிக்கப்பட்டிருக்கும் வீட்டின் அளவு 350 சதுர அடி. ஏறத்தாழ அந்த வீட்டளவு இடத்தைத்தான் அந்த மூன்று வயதுப் பிள்ளையும் வளர்ந்து ஆளாகும்போது தன் வயிற்றுக்குள் மடித்துச் சுமப்பான்.

இந்தப் பரப்பைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை முளைத்து மேலேறி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. அவற்றின் முகத்தில் பலவகை வாயில்கள் உண்டு. இட்லியின் மாவுச்சத்து குளுக்கோஸ் என்னும் கடைசித் துணுக்காக உடைந்த பின்பு, அது தனியாக உள்ளே போவதில்லை; உப்பிலுள்ள சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைகிறது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம், அவை இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் 1960-இல் வெளியிட்ட இந்தச் சூட்சுமத்தை வாசகர் மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டும். உளுந்தின் புரதம் அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துணுக்குகளாகவும் வேறு வாயில்களால் நுழைகிறது. இவையெல்லாம் ஒரே இரத்தக்குழாயில் சேர்ந்து நேராகக் கல்லீரலுக்குச் செல்லும். சந்தைக்குப் போகுமுன் சரக்கைச் சோதிக்கும் சுங்கச்சாவடி அது. எண்ணெயின் கொழுப்பு மாத்திரம் அந்தச் சாவடியைச் சுற்றிக்கொண்டு, பால்போல் வெளுத்த நிணநீராக மார்பின் வழியே ஏறி, இடது தோளுக்கருகே இரத்தத்தில் கலக்கிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஒரு பகுதி அதற்கும் விதிவிலக்கு. அது குளுக்கோஸைப் போலவே கல்லீரலுக்கு நேர்வழியில் போய்விடும்.

சாப்பிட்ட கையோடு பில்டர் காப்பி குடிப்பது மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் விடாத வழக்கம். நானும் அதற்கு அடிமை. ஆயினும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு குடலில் நுழையும் வேளையில் காப்பியும் தேநீரும் வந்து அதைக் கட்டிப்போட்டுவிடுகின்றன என்பதையும், எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதே இரும்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகின்றன என்பதையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் காப்பிக்குக் குறைவு ஒன்றும் வராது.

செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் அதிகத் தூரமில்லாத பரேலில், ஒரு காலத்தில் கவர்னர் மாளிகையாக இருந்த பழைய கட்டடத்தில், ஹாப்கின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1899-இல் பிளேக் ஆராய்ச்சிச் சாலையாக அங்கே குடியேறிய அந்த நிலையத்துக்கு, 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் வந்தார். அந்நாளில் பம்பாயின் நெசவாலைத் தொழிலாளிப் பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் இரத்தம் வற்றி, வெளிறி, இறந்துபோய்க்கொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். இந்தப் பெண்களின் சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. வில்ஸ் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் அவர்கள் வீட்டில் என்ன உண்கிறார்கள் என்று விசாரித்து, அதைப் போன்ற உணவையே சோதனைச் சாலையின் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். விலங்குகளுக்கும் சோகை பிடித்தது. பீர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான சாரத்தைக் கொடுத்தபோது நோய் தெளிந்தது. பெண்களுக்கும் அவ்வாறே தெளிந்தது. 1931-இல் இந்த முடிவை அவர் வெளியிட்டார். பணக்காரரின் மருந்தாக இல்லாமல், ஆலைத் தொழிலாளியின் கூலிக்கு எட்டும் மருந்தாக அது அமைந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். குன்னூரிலும் சென்னையிலும்கூட அவர் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருளுக்கு, கீரையிலிருந்து அதைப் பிரித்தவர்கள் 1941-இல் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைச் செயற்கையாகச் செய்துமுடித்தது அமெரிக்காவில் எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் உழைத்த குழு. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அவர், குடல் உணவை உட்கவர மறுக்கும் கொடிய நோய் ஒன்றுக்குத் தம் சகோதரர் இருவரை இளமையிலேயே பறிகொடுத்தவர். அந்த நோயை வெள்ளைக்காரர் 'ஸ்ப்ரூ' என்பர். நம் வைத்தியர் கிரகணி என்பர், ஊர்ப்பேச்சில் கிராணி. கிரகணி என்ற வடசொல்லுக்குப் பற்றிக்கொள்வது என்று பொருள். ஆயுர்வேதம் சிறுகுடலின் முற்பகுதிக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறது. பற்ற வேண்டியது பற்றாமல் போனால் நோய். தாராவி அம்மாளின் 'ஒட்டமாட்டேங்கு' என்ற சொல்லுக்கும் இந்தப் பழைய சொல்லுக்கும் வெகுதூரம் இல்லை. இன்று அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிகளுக்கு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் போலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. பரேலில் ஆரம்பித்த காரியத்தின் பலன் அது.

கிராணியைப் பற்றி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் 1960-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் செய்த ஆராய்ச்சி உலகப் பிரசித்தமானது. அதில் அவர்களைத் திகைக்கவைத்த விஷயம் நோயாளிகளின் குடலைக் காட்டிலும், ஆரோக்கியமாக நடமாடியவர்களின் குடல்தான்: மேல்நாட்டாருக்கு விரல்கள்போல் நீண்டு நிமிர்ந்து நிற்கும் குடலுறிஞ்சிகள், நம்மவரில் பலருக்கு மழுங்கிக் குறுகி இருந்தன. இது இனத்தின் லட்சணமோ என்று சந்தேகிக்க இடமில்லாதபடி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலிலும் அதே மாறுதல் உண்டாகியிருப்பதை மருத்துவர்கள் 1966-இல் வெளியிட்டார்கள். ஊர் திரும்பிய பின்பு அவர்களுக்கு அது சரியாகிவிட்டது.

ஆகவே அந்தப் பேரனின் நாலு இட்லிகள் எங்கே போகின்றன என்பதற்கு விடை அவன் தட்டில் இல்லை. அவன் குடிக்கும் தண்ணீரிலும், தவழும் சந்திலும், பல குடும்பங்கள் வரிசையில் நிற்கும் பொதுக் கழிப்பிடத்திலும் இருக்கிறது. மலத்தின் கிருமிகள் நீரோடும் கையோடும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் போய்க்கொண்டிருந்தால், குடல் அவற்றோடு ஓயாது போராடி அழற்சி கொண்டு, உறிஞ்சிகள் தேய்ந்து, 350 சதுர அடி வீடு சுருங்கிச் சுருங்கி ஒற்றை அறையாகிவிடுகிறது. கூடவே வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம், முளைத்து வருகிற புது அணுக்களுக்கு முதிர அவகாசமும் கிடைப்பதில்லை. அவனுக்கு இட்லியை ஆறாக்குவதால் பயனில்லை. குழாய்த் தண்ணீர் சாக்கடைக் குழாயோடு உரசாமல் வருவதும், வீட்டுக்கொரு கழிப்பறை அமைவதும் அந்தப் பிள்ளைக்கு ஆகாரத்தின் பாகங்களே. மாநகராட்சி இவற்றைக் குடிநீர் வடிகால் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். நான் போஷாக்குக் கணக்கில்தான் எழுதுவேன்.

அதுவரையில் தாய்மார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளொன்றுக்குக் குடிநீரும், உமிழ்நீர் முதல் பித்தநீர் வரை நாமே சுரப்பதுமாக ஏறக்குறைய 9 லிட்டர் நீர் ஒரு வளர்ந்த மனிதனின் குடலில் பாய்கிறது. அதில் ஒரு டம்ளர் அளவு மாத்திரமே வெளியேற, மற்றதையெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றுப்போக்கில் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. ஆனால் காலராவிலும்கூட, குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து நுழையும் அந்த ஒரு வாயில் மாத்திரம் மூடுவதில்லை. 1971-இல் வங்காள அகதிகள் குவிந்திருந்த பங்காவ் முகாமில், சிரையில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைத் தொட்டியில் நிரப்பி, உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது.

அதையே அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்; இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். உப்பை மாத்திரம் கண்ணளவில் போடாதீர்கள். பிள்ளை துவண்டாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கு நிற்கும் வரை பட்டினி போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; தாய்ப்பாலையும் இட்லியையும் நிறுத்த வேண்டாம்.